ரத்தம் எடுத்துப் போனவர்கள் என்ன சொன்னார்கள்? சிறுநீரக நோய் பற்றி வாசகர் கேள்விகள்

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லாமலே, பெரும்பாலும் வயலிலும் வெயிலிலும் உழைக்கிறவர்களுக்கு வருகிற நாள்பட்ட சிறுநீரக நோயைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். இந்த நோய் எங்கே அதிகமோ அங்கேதான் அதை ஆராய ஆளும் இல்லை, ஆய்வகமும் இல்லை என்று அதில் ஒரு வரி வந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மாதம் பெரும்பாலான கடிதங்கள். ஊர்ப் பெயரை மட்டும் போட்டுப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் கிராமத்தில் எத்தனையோ முறை வந்து இரத்தமும் சிறுநீரும் கிணற்று நீரும் எடுத்துச் சென்றார்கள். கொழும்பிலிருந்தும் வந்தார்கள், வெளிநாட்டவரும் வந்தார்கள். பெறுபேறு ஒன்றும் எங்களுக்கு வரவில்லை. அயலில் இரண்டு பேர் இப்போது இரத்தச் சுத்திகரிப்புக்கு (டயாலிசிஸ்) போய் வருகிறார்கள். இத்தனை வருடமாகியும் காரணம் தெரியாதென்றால் இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு, டொக்டர்? (வவுனியா)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ரத்தம் கொடுத்த ஒருவருக்கு அவருடைய கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய, ரத்தத்தில் அளக்கிற ஒரு கழிவு) எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதித் தராமல் போவது தவறு. அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

காரணம் ஏன் இன்னும் பிடிபடவில்லை என்பதற்கு வருகிறேன். 1990களின் நடுவில் இலங்கையின் அநுராதபுரம் மாவட்டத்தில் மதவாச்சி, பதவியா பக்கத்து நெல் விவசாயிகள் இந்த நோயோடு ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கினார்கள். சர்க்கரை இல்லை, பழைய ரத்த அழுத்தம் இல்லை, ஆனால் சிறுநீரகம் சுருங்கிப் போயிருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆய்வுக் குழுவும் ஒவ்வொரு காரணத்தைக் கொண்டு வந்தது: நிலத்தடி நீரில் இருக்கும் ஃப்ளூரைடும் கடினத்தன்மையும், காட்மியம், ஆர்சனிக், பூச்சிக்கொல்லிகள், கிளைபோசேட் என்ற களைக்கொல்லி, குளத்துப் பாசியின் நஞ்சு, வெயிலும் நீரிழப்பும், எலிக்காய்ச்சல். ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு சான்று இருந்தது, எதற்கும் முழுச் சான்று இல்லை. கிளைபோசேட்டை 2015இல் இலங்கை அரசு தடையே செய்தது, பிறகு 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்தியது. தடையால் நோய் குறைந்ததா என்று சொல்ல வேண்டுமானால், தடைக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அதே கிராமங்களில் அதே ஆட்களின் சிறுநீரகச் செயல்பாட்டை ஒரே முறையில் அளந்து வந்திருக்க வேண்டும். அரசாணையை ஒரு நாளில் போட்டுவிடலாம், அந்த அளவீட்டை அப்படி உண்டாக்க முடியாது.

இன்னொரு சிக்கல், ஆளுக்கொரு படியால் நெல் அளந்த கதைதான். உலக சுகாதார நிறுவனமும் இலங்கையின் தேசிய விஞ்ஞான மன்றமும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு 2013இல் வெளிவந்தது. சிறுநீரில் புரதம் கசிவதை வைத்து நோயைக் கணக்கிட்ட அந்த ஆய்வில் பெண்களில் 16.9 சதவீதம், ஆண்களில் 12.9 சதவீதம் என்று வந்தது. ஆனால் முற்றிய நிலையில் இருந்தவர்கள் ஆண்களே அதிகம். பிற்பாடு அநுராதபுரத்தில் ரத்தக் கிரியாட்டினினை வைத்து அளந்தபோது ஆண்களிடம்தான் கூடுதல் என்று வந்தது. ஊரும் நோயும் ஒன்றாக இருந்தும் அளவுகோல் மாறியதால் கணக்கே தலைகீழாகிவிட்டது. இப்படி இருக்கும்போது இலங்கைக் கணக்கை, இதே மாதிரி நோய் உள்ள ஆந்திராவோடும் மத்திய அமெரிக்காவின் நிகராகுவாவோடும் எப்படி ஒப்பிடுவது?

இதற்காகத்தான் சர்வதேச நெப்ராலஜி சங்கத்தின் கீழ் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி 'டிகிரீ' என்று ஒரு எளிய பொது முறையை உருவாக்கி 2017இல் வெளியிட்டார்கள். எந்த வயதினரை எப்படித் தேர்ந்தெடுப்பது, கிரியாட்டினினை எந்தத் தரத்துக்குச் சீர்செய்து அளப்பது, சர்க்கரை, ரத்த அழுத்தம், அதிகப் புரதக் கசிவு உள்ளவர்களை எப்படித் தனியே பிரிப்பது என்று எல்லாவற்றையும் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியால் செய்ய முடிகிற வேலை. இந்தியா, இலங்கை, மலாவி, நிகராகுவா என்று பல இடங்களில் அதே படியால் அளக்கத் தொடங்கியிருக்கிறார்கள். வந்த பதில்களில் எனக்கு முக்கியமாகப் படுவது, எல்லா ஏழை நாட்டிலும் வெயிலில் உழைக்கிற எல்லோருக்கும் இது வந்துவிடுவதில்லை, சில இடங்களில் மட்டும் குவிகிறது என்பது. காரணத்தைத் தேடுகிறவனுக்கு இது பெரிய துப்பு.

தாமதத்தைப் பற்றியும் ஒரு பழைய வரலாற்றைச் சொல்கிறேன். டான்யூப் ஆற்றின் கிளைகளை ஒட்டிய பல்கேரியா, செர்பியா, போஸ்னியா, குரோஷியா, ருமேனியா கிராமங்களில் இதே மாதிரி ஒரு சிறுநீரக நோய் 1950களில் கண்டறியப்பட்டது. ஒரு கிராமத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும், பக்கத்துக் கிராமத்தில் ஒருவருக்கும் இருக்காது. ஈயம், வைரஸ், பூஞ்சை நஞ்சு, கிணற்று நீர் என்று அங்கேயும் சந்தேகப்படாத பொருள் இல்லை. 1969இல் செர்பிய மருத்துவர் இவிச், கோதுமை வயலில் களையாக வளரும் அரிஸ்டோலோகியா செடியின் விதை மாவில் கலப்பதுதான் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1993இல் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு அதே செடியின் இனத்தால் சிறுநீரகம் கெட்டது தெரிய வந்தபோதுதான் பழைய யோசனைக்கு உயிர் வந்தது. குரோஷிய மருத்துவர்களும் அமெரிக்காவின் ஆர்தர் குரோல்மனும் சேர்ந்து, நோயாளிகளின் திசுவில் அந்த நஞ்சு விட்டுச் சென்ற தடயத்தை 2007இல் காட்டினார்கள். அரை நூற்றாண்டு! அந்தத் தடயத்தைத் தேட முடிந்ததற்குக் காரணம், பாதிக்கப்பட்ட கிராமம் எது, எந்த வீட்டில் யாருக்கு நோய், யாருக்குச் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய் என்று உள்ளூர் மருத்துவர்கள் பத்தாண்டுக் கணக்கில் விடாமல் குறித்து வைத்ததும், திசுவைப் பத்திரப்படுத்தியதும்தான். வந்து போகிறவர்களால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

அடுத்த முறை ஒரு குழு உங்கள் கிராமத்துக்கு வந்தால் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். எங்கள் ஒவ்வொருவரின் பெறுபேறும் எந்தத் தேதிக்குள் கைக்கு வரும்? மாதிரிகள் எங்கே, எவ்வளவு காலம் வைக்கப்படும்? குறைபாடு தெரிந்தவரை எந்த வைத்தியசாலைக்கு அனுப்புவீர்கள்? பதில் இல்லையென்றால் இரத்தம் கொடுக்க மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பட்டை வைத்து ஆல்புமின் என்ற புரதம் பார்க்கிறார்களே, அது போதாதா? எதற்கு ரத்தம், ஆய்வகம், தரப்படுத்தல் என்று பெரிதாக்க வேண்டும்? (மருத்துவ மாணவர், திருச்சி)

பதில்: சர்க்கரை நோயாளியிடம் பட்டை நன்றாக வேலை செய்யும். அங்கே முதலில் அடிபடுவது வடிகட்டி, அதனால் புரதம் கசியும். தமிழ்நாட்டில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலைய அளவிலேயே பட்டையால் சோதிக்கத் தொடங்கியது நல்ல காரியம், அது தொடர வேண்டும். நாம் பேசுகிற நோயில் வடிகட்டி கடைசி வரை ஓரளவு தாக்குப்பிடிக்கும், நுண்குழாய்களும் அவற்றைச் சுற்றிய திசுவும்தான் தழும்பாகிப் போகும். புரதம் கொஞ்சமாகக் கசியும், அல்லது கசியவே கசியாது. பட்டை நிறம் மாறாது, ஆளும் திடமாக இருப்பார், கால் வீங்காது. சிறுநீரகம் பாதிக்கு மேல் போன பிறகுதான் தெரியும். பட்டையை மட்டும் நம்பினால் நாம் யாரைத் தேடுகிறோமோ அவரையே "ஒன்றுமில்லை, போய் வா" என்று அனுப்பிவிடுவோம்.

சரி, ரத்தம் எடுத்துவிட்டால் முடிந்ததா? இல்லை. எடுத்த ரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் சுழற்றி, சீரம் என்ற தெளிந்த நீர்ப்பகுதியைப் பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும். கிரியாட்டினினை ஜாஃபே என்ற வேதி முறையில் ஒரு லேபும் என்சைம் முறையில் இன்னொரு லேபும் அளந்தால் ஒரே ரத்தத்துக்கு வேறு வேறு எண் வரலாம். 0.2 வித்தியாசம் ஒரு நோயாளிக்குப் பெரிய விஷயமாக இருக்காது, ஆனால் ஆயிரம் பேரைக் கணக்கெடுக்கும்போது அதுவே ஒரு மாவட்டத்தை நோய் மாவட்டம் ஆக்கிவிடும் அல்லது காப்பாற்றிவிடும். நல்லவேளையாக வேலூர் சி.எம்.சி. நாடு முழுவதும் உள்ள ஆய்வகங்களுக்கு வெளித் தர மதிப்பீடு நடத்துகிறது. ஒரு சிறிய லேபும் அதில் சேர்ந்து, தான் அளப்பது மற்றவர்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ள முடியும். ஆராய்ச்சித் திறன் என்று பெரிதாகப் பேசுகிறோமே, அதன் முதல் படி இதுதான் என்பேன்.

நீங்கள் மாணவர் என்பதால் இதையும் சொல்கிறேன். கிரியாட்டினினிலிருந்து சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கணக்கிடும் சூத்திரங்கள் எல்லாம் யாருடைய உடலை வைத்து உருவானவை என்று யோசித்துப் பாருங்கள். மலாவி, உகாண்டா, தென்னாப்பிரிக்கா மூன்று நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, அயோஹெக்ஸால் என்ற மருந்தைச் செலுத்தி நேரடியாகவே அளந்து பார்த்தார்கள். 2022இல் முடிவு வந்தது: கிரியாட்டினின் சூத்திரங்கள் அங்குள்ளவர்களின் சிறுநீரகத்தை உள்ளதைவிட நன்றாக இருப்பதாகக் காட்டுகின்றன, நோயாளிகள் கணக்கில் விட்டுப்போகிறார்கள். உடலில் சதை குறைவாக இருந்தால் கிரியாட்டினினும் குறைவாகத்தான் ஊறும். ஒட்டிய உடம்போடு நாள் முழுக்க நடவு நடுகிற நம் ஊர்ப் பெண்ணுக்கும் இதே கேள்வி உண்டு. ஒரு முதுகலை ஆய்வுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்குமா?

கேள்வி: என் அப்பா உப்பளத் தொழிலாளி. கிரியாட்டினின் 2.1 என்று போன மாதம் வந்தது. சர்க்கரை கிடையாது. இந்த நோய் தமிழ்நாட்டிலும் இருக்கிறதா, அல்லது நீங்கள் பிற நாட்டுக் கதைதான் சொல்கிறீர்களா? (வேதாரண்யம்)

பதில்: இருக்கிறது. தமிழ்நாட்டின் பல வேளாண் மண்டலங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்த ஓர் ஆய்வில், ஏறக்குறைய 5 சதவீதம் பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் உறுதியானது. அவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை. முதல் சோதனையில் மாறுபாடு தெரிந்தவர்கள் இதைவிடப் பல மடங்கு. மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்த பிறகுதான் 5 சதவீதம் என்று நின்றது. வெயிலில் வேலை செய்த அன்று மாலை கிரியாட்டினின் தற்காலிகமாக ஏறியிருக்கலாம். ஆகவே அப்பாவுக்கும் இரண்டு நாள் ஓய்வுக்குப் பின் ஒரு முறை, மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு முறை பாருங்கள், கூடவே ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். ஆனால் 2.1 என்பது சும்மா விடக்கூடிய எண் இல்லை. மூன்று மாதம் ஆகட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே நாகப்பட்டினத்திலோ தஞ்சாவூரிலோ அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

உப்பளத்தைப் பற்றித் தனியாகவே ஆய்வு உண்டு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டு உப்பளங்களில் வெப்பத்தை அளந்து, தொழிலாளர்களின் ரத்தத்தையும் சோதித்தார்கள். பெரும்பாலானோர் பாதுகாப்பான வரம்புக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்கிறார்கள், அவர்களில் ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருக்கிறது என்று தெரிந்தது. ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள், இது உங்களுக்கே தெரிந்திருக்கும். கழிப்பறை கட்டுவதும் சிறுநீரக மருத்துவம்தான்.

மத்திய அமெரிக்காவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. எல் சால்வடோரின் தலைநகரில் உள்ள ரோசாலெஸ் மருத்துவமனை மருத்துவர்கள், தங்களிடம் வரும் முற்றிய நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் காரணமே தெரியவில்லை என்று 2002இல் எழுதினார்கள். பெரும்பாலும் கடலோரத் தாழ்நிலத்து விவசாயிகள், கரும்பு வெட்டுகிறவர்கள். பத்தாண்டு கழித்து, 2012இல், கோஸ்டா ரிக்காவில் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி ஒரு கூட்டமைப்பை அமைத்தார்கள். அவர்கள் காரணம் முழுதாகத் தெரியும் வரை காத்திருக்கவில்லை. நிகராகுவாவில் ஒரு சர்க்கரை ஆலையில் தொழிலாளர்களுக்கு நிழல், கட்டாய ஓய்வு, போதுமான தண்ணீர் கொடுத்து, அறுவடைப் பருவத்துக்கு முன்னும் பின்னும் கிரியாட்டினினை அளந்தார்கள். ஓய்வு நேரம் கூடியபோது கரும்பு வெட்டுகிறவர்களுக்குச் சிறுநீரகக் காயம் குறைந்தது. தொழிலாளர், ஆலை நிர்வாகம், உள்ளூர்ப் பல்கலைக்கழகம், வெளிநாட்டு ஆய்வாளர் என்று எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால் நடந்தது இது. வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் மரக்காணத்திலும் இதைச் செய்ய என்ன தடை என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

ஒன்று மறந்துவிட்டேன். உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசியும் மாத்திரையும் அப்பா போட்டுக்கொள்கிறார் என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் கிராம சுகாதாரச் செவிலியர். ஆராய்ச்சி என்றால் பேராசிரியர்கள் செய்வது. எங்களுக்கு ஏற்கெனவே பதிவேடு எழுதவே நேரம் போதவில்லை. இதில் எங்களுக்கு என்ன இடம்? (தர்மபுரி)

பதில்: உங்களைத் தவிர இதில் வேறு யாருக்கும் முதல் இடம் இல்லை என்று நம்புகிறேன்.

1990களின் இறுதியில் டாக்டர் எம்.கே. மணி சென்னைக்கு அருகே கிராமங்களில் ஏறத்தாழ 25,000 மக்களிடம் ஒரு முயற்சி தொடங்கினார். சென்னை கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் நடத்தியது. உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். ரத்த அழுத்தம் பார்ப்பது, சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலம் விட்டுப் புரதம் பார்ப்பது, பெனடிக்ட் கரைசலில் சர்க்கரை பார்ப்பது, அவ்வளவுதான். குறை தெரிந்தவர்களை மருத்துவர் பார்த்து மிக மலிவான மருந்துகளைக் கொடுத்தார். ஆளுக்கு ஆண்டுக்குச் சில்லறைக் காசுதான் செலவு. அந்தக் கிராமத்துப் பெண்கள் சேர்த்த தகவல் உலகத்தின் முக்கியமான சிறுநீரக இதழில் கட்டுரையாக வந்தது. இன்றும் ஏழை நாடுகளில் சிறுநீரகத் தடுப்பு பற்றிப் பேசுகிறவர்கள் அதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

நேரமில்லை என்கிறீர்கள், அது உண்மை. ஒரே நோயாளியை மக்களைத் தேடி மருத்துவம் பதிவில் ஒரு முறை, தொற்றா நோய்ப் பதிவில் ஒரு முறை, ஆய்வுக்காரர் கொடுக்கும் படிவத்தில் ஒரு முறை என்று மூன்று முறை எழுத வைப்பது அநியாயம். ஆய்வுக்கென்று தனிப் படிவம் கொண்டுவருகிற எந்தத் திட்டமும் நிதி தீர்ந்ததும் செத்துப்போகும். இருக்கிற பதிவேட்டில் நான்கு விவரம் கூடுதலாக இருந்தால் போதும் என்பது என் கருத்து: எத்தனை ஆண்டாக என்ன தொழில், குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து, வலி மாத்திரைப் பழக்கம், கிரியாட்டினின் அளவும் எடுத்த தேதியும். தேதி ரொம்ப முக்கியம். ஐந்து ஆண்டு கழித்து இந்த நான்கு விவரமும் ஒரு வட்டாரம் முழுக்க இருந்தால், கோடிக்கணக்கில் செலவழித்து ஒரு முறை நடத்தும் கணக்கெடுப்பு சொல்ல முடியாததை அது சொல்லிவிடும். அதோடு கட்டுரையில் உங்கள் பெயரும் வர வேண்டும். நன்றி நவிலலில் "களப்பணியாளர்களுக்கு" என்று ஒரு சொல்லோடு முடித்துவிடக் கூடாது.

கேள்வி: ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி சாப்பிட்டால் சிறுநீரகம் கெடும் என்கிறார்களே, உண்மையா? (நாகர்கோவில்)

பதில்: இரண்டுமே அரிஸ்டோலோகியா இனம். மேலே சொன்ன டான்யூப் கிராமத்து நஞ்சும் பெல்ஜியம் மாத்திரை நஞ்சும் இதே குடும்பத்து அரிஸ்டோலோகிக் அமிலம்தான். அது சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்கும்; உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை, புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகையில் சேர்த்திருக்கிறது. உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள். யார் கொடுத்தாலும்.

கேள்வி: ஆந்திராவின் உத்தானம் பகுதிக்கு அடிக்கடி வேலையாகப் போகிறேன். அங்கே அரசு மருத்துவமனையும் ஆராய்ச்சி மையமும் குடிநீர்த் திட்டமும் வந்துவிட்டன. இனி அங்கே பிரச்சினை தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா? (விசாகப்பட்டினம்)

பதில்: தென்னையும் முந்திரியும் பலாவுமாகப் பார்க்க அத்தனை செழிப்பான ஊர், உள்ளே போனால் வீட்டுக்கு வீடு இந்த நோய். ஜார்ஜ் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் 67 கிராமங்களில் 2,400 பேரைச் சோதித்தபோது ஐந்தில் ஒருவருக்கு, துல்லியமாகச் சொன்னால் 21 சதவீதத்துக்கும் சற்று மேல், சிறுநீரகப் பாதிப்பு இருந்தது. பெரும்பாலானோருக்கு வழக்கமான காரணம் எதுவும் இல்லை.

பலாசாவில் 200 படுக்கை மருத்துவமனையும் ஆராய்ச்சி மையமும், ஹிரமண்டலம் நீர்த்தேக்கத்திலிருந்து குழாயில் குடிநீரும் 2023 டிசம்பரில் தொடங்கி வைக்கப்பட்டன. சந்தோஷம். விசாகப்பட்டினத்துக்கு டயாலிசிஸுக்கு பஸ் பிடித்து அலைந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நேரில் போகிற உங்களுக்குத் தெரியும். பிரச்சினை தீர்ந்ததா என்பதை மட்டும் கட்டடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தண்ணீர் மாறியிருக்கிறது. தண்ணீர்தான் காரணம் என்றால் இன்று இருபது வயதில் இருப்பவர்களுக்குப் பத்து ஆண்டு கழித்து நோய் குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. இந்தக் கேள்விக்கு உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் பதில் கிடைக்காது. அதற்கு இப்போதே அந்த இளைஞர்களின் அடிப்படை அளவை எடுத்து, குழாய் நீர் குடிப்பவர் யார், இன்னும் போர் தண்ணீர் குடிப்பவர் யார் என்று பிரித்து, ஆண்டுதோறும் தொடர வேண்டும். அதற்கு நிரந்தரப் பணியிடத்தில் ஒரு நோய்ப் பரவல் ஆய்வாளர், ஒரு புள்ளியியலாளர், இரண்டு மூன்று லேப் டெக்னீஷியன்கள், தெலுங்கிலும் ஒடியாவிலும் பேசத் தெரிந்த களப்பணியாளர்கள் வேண்டும். ஒப்பந்த வேலையில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆள் மாறினால் தொடர் ஆய்வு நடக்காது.

கேள்வி: டயாலிசிஸ் இல்லாமல் மக்கள் சாகும்போது ஆராய்ச்சிக்குப் பணம் செலவழிப்பது மனசாட்சிக்குச் சரியா? (சேலம்)

பதில்: டயாலிசிஸைக் குறைத்து ஆராய்ச்சி செய்யச் சொன்னால் நானே எதிர்ப்பேன். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், வாழ்நாள் முழுக்க. இது ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று பார்த்திருக்கிறேன். மத்திய அரசு 2016இல் தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டமும், தமிழகத்தில் காப்பீட்டின் கீழ் கிடைக்கிற சிகிச்சையும், வயிற்றுவழி டயாலிசிஸ் பைகளை வீட்டுக்கே கொண்டுபோய்த் தருவதும் பல ஆயிரம் உயிர்களைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஆனால் எந்தக் கிராமத்திலிருந்து அடுத்த நோயாளி வருவார் என்று தெரியாமல் மெஷின் மேல் மெஷின் வாங்கிக்கொண்டே எத்தனை நாள் போவது? டயாலிசிஸ் மையமே ஆராய்ச்சிக்கு நல்ல தொடக்கம். புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் ஊர், தொழில், குடிநீர், முதலில் தெரிந்த நோய் என்ன என்று கேட்டுப் பதிவு செய்தால் செலவே இல்லை. எல் சால்வடோரில் எல்லாம் தொடங்கியது அப்படித்தான்.

கேள்வி: வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தால் நம் ரத்தத்தை எடுத்துப்போய் அவர்கள் பெயர் வாங்கிக்கொள்கிறார்கள். தனியாகவே செய்துகொள்ள முடியாதா? (மதுரை)

பதில்: தனியாகச் செய்ய முடியாது, தேவையும் இல்லை. டான்யூப் மர்மம் அவிழ்ந்தது கூட்டு முயற்சியால்தான். எந்த நிபந்தனையில் சேர்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்காவில் 2012 முதல் பத்தாண்டு நடந்த எச்3ஆப்பிரிக்கா மரபணுத் திட்டத்தில் சிறுநீரக நோய்க்கென்று தனி வலையமைப்பு இருந்தது. பணம் அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வந்தது. ஆனால் மாதிரிகளைச் சேமிக்க உகாண்டா, நைஜீரியா, தென்னாப்பிரிக்காவில் சேமிப்பகங்கள் அமைத்தார்கள், ஆய்வை ஆப்பிரிக்க நிறுவனங்களே நடத்தின. இந்தியாவில் வெளிநாட்டுக் கூட்டாய்வுக்குச் சுகாதார அமைச்சகத்தின் குழு அனுமதி தர வேண்டும் என்ற விதி உண்டு, நல்லது. அதற்கு மேல் நான் பார்ப்பது, கேள்வியை உருவாக்கும்போதே உள்ளூர் மருத்துவக் கல்லூரிக்காரர் மேசையில் இருந்தாரா என்பதை. கேள்வியை லண்டனில் எழுதி முடித்துவிட்டு ரத்தம் எடுக்க மட்டும் மதுரைக்கு வந்தால், கையெழுத்துப் போடாதீர்கள். சர்வதேச நெப்ராலஜி சங்கம் பெரிய மையத்தையும் சிறிய மையத்தையும் பல ஆண்டுக்கு இணைத்துவிடும் சகோதர மையத் திட்டம் நடத்துகிறது, இளம் மருத்துவர்கள் வெளியே போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வர உதவித்தொகையும் தருகிறது. திரும்பி வர வேண்டும் என்பது நிபந்தனை. இந்த மாதிரி ஏற்பாடுகளைத் தேடிப் போங்கள்.

கேள்வி: நாங்கள் இங்கே சில குடும்பங்கள் சேர்ந்து கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறோம். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் சிறுநீரக நோய்க்கு ஏதாவது செய்ய விருப்பம். ஒரு ஆர்.ஓ. நீர் இயந்திரம் வாங்கிக் கொடுக்கலாமா, அல்லது டயாலிசிஸ் மெஷினா? (டொரொண்டோ)

பதில்: இரண்டும் கெட்ட யோசனை இல்லை. ஆர்.ஓ. நீர் தருவதால் கிணற்று நீரின் ஃப்ளூரைடும் கடினத்தன்மையும் குறையும், குடிக்கவும் நன்றாக இருக்கும், மக்கள் தண்ணீர் கூடுதலாகக் குடிப்பார்கள், அதுவே நல்லது. ஆனால் மெம்பிரேன் என்ற வடிகட்டும் சவ்வை மாற்ற, கழிவு நீரை ஒழுங்காக வெளியேற்ற, மாதா மாதம் தண்ணீரைச் சோதிக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பராமரிக்க ஆளில்லாத இயந்திரம் ஓரிரண்டு வருடத்தில் நின்றுவிடும்.

என்னைக் கேட்டால் அந்தப் பணத்தில் ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள். மாவட்ட வைத்தியசாலையோடும் அருகிலுள்ள பல்கலைக்கழக மருத்துவபீடத்தோடும் பேசி, சிறுநீரகப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ள அந்த ஊரிலேயே பிறந்த ஒரு பிள்ளையை ஐந்து வருடத்துக்கு நியமிக்கச் சொல்லுங்கள். தமிழும் சிங்களமும் தெரிந்திருந்தால் மிகவும் நல்லது, எல்லைக் கிராமங்களில் இரண்டு மொழிக்காரருக்கும் ஒரே நோய்தான். கிளினிக்குக்கு வராமல் விட்டவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது, கிரியாட்டினின் பெறுபேற்றை அவரவர் கையில் கொடுத்து விளக்குவது, விவரத்தைக் கணினியில் ஏற்றுவது ஆகியவை அவருடைய வேலை. மிச்சமிருந்தால் சீரத்தைப் பிரிக்கும் ஒரு சுழலியும், கரண்ட் போனாலும் தாங்குகிற ஒரு நல்ல குளிர்பதனப் பெட்டியும் வாங்கிக் கொடுக்கலாம். வாங்குவதற்கு முன் அந்த ஆய்வகத்தில் வேலை செய்கிற டெக்னீஷியனிடமே தொலைபேசியில் பேசி, அங்கே இப்போது எது ஓடுகிறது, எது பழுதாகிக் கிடக்கிறது, ரீஏஜென்ட் (சோதனைக்கான ரசாயனம்) எத்தனை மாதத்துக்கு ஒரு முறை தீர்ந்துபோகிறது என்று கேளுங்கள்.